தெளிந்த நீரும் தூய நீரும்

மக்கள் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத பொருள்களுள் காற்றுக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்கது தண்ணீர். உணவின்றிச் சில வாரங்கள் உயிர் தாங்கியோர் உளர். நீரின்றிச் சில நாட்கள் தாங்குதலும் அரிது. இதனைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும், நாம் நாள்தோறும் அருந்தும் நீர் எங்கிருந்து வருகின்றது, வரும் வழியில் எதனோடு கலக்கின்றது என்று வினவுவோர் மிகச் சிலரே. கண்ணுக்குத் தெளிவாயும் நாவுக்கு இனிமையாயும் இருப்பின் அதுவே நல்ல நீர் என்று மனம் அமைந்து விடுகிறோம். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை எங்கள் வீட்டுக் கிணறே எனக்குக் கற்பித்தது. அதனை நம் கல்லூரி அன்பர்களுக்குக் கூறுதல் பயனுடைத்தாகும் என்று கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

எனது ஊர் புதுச்சேரி. கடலை அடுத்த ஊர்களுக்குக் குடிநீரே முதற் கவலை. நகரின் நடுவேயுள்ள பூங்காவில் வெண்ணிறமாக நிற்கும் ஆயி மண்டபத்தைப் புதுச்சேரிக்கு வந்தோர் பலரும் கண்டிருப்பர். இன்று புதுச்சேரி அரசின் முத்திரையிலும் அதன் உருவமே விளங்குகின்றது. அம்மண்டபம் போரில் வென்ற தலைவன் எவனையும் போற்ற எழுந்ததன்று. நகருக்குக் குடிநீர் வந்த செய்தியை நினைவூட்ட எழுந்தது. கிருஷ்ணதேவராயர் அவ்வழியே வந்தபொழுது விளக்கொளியில் திகழ்ந்த மாளிகையொன்றைக் கோயில் என்று கருதிக் கைகூப்பினார் என்றும், அஃது ஆயி என்னும் தாசியின் இல்லம் என்று அறிந்து சினந்து அதனை இடிக்குமாறு ஆணையிட்டார் என்றும், அவள் தானே அதனை இடித்து அவ்விடத்தில் ஊரார்க்குக் குளம் வெட்டுவித்தாள் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. மூன்றாம் நெப்போலியன் பிரெஞ்சு நாட்டை ஆண்ட காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டபொழுது அவள் பெயராலேயே மண்டபம் எழுந்தது. நீர் அளித்தவரை எங்கள் ஊர் எவ்வளவு உயர்த்தி வைத்திருக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வூருக்கு நிலத்தின் கீழும் ஒரு செல்வம் வாய்த்திருந்தது. ஆழமாகத் துளையிட்ட சில இடங்களில், இறைப்பாரின்றியே நீர் தானாகப் பொங்கி மேலெழுந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் என்பார் 1880-ஆம் ஆண்டில் புதுச்சேரியின் இப்பொங்கு கிணறுகளைக் குறித்து ஒரு கட்டுரை வரைந்து, இத்தகைய நீர் சென்னைக்கும் கிட்டுமோ என்று ஆராய்ந்தார். மேற்கே உயர்ந்த நிலத்திற் பெய்த மழை மணற்பாறை அடுக்குகளில் இறங்கி, களிமண் அடுக்கின் கீழ் அழுத்தத்துடன் அடங்கிக் கிடந்ததே அப்பொங்குதலுக்குக் காரணம். இன்றோ வயலும் ஆலையும் வீடும் மோட்டார் வைத்து இறைத்து இறைத்து, அவ்வழுத்தம் தளர்ந்து போயிற்று. தானே எழுந்த நீரை நூற்றுக்கணக்கான அடிகளின் கீழிருந்து இழுத்து எடுக்கின்றோம்.

இனி எங்கள் கிணற்றுக்கு வருகிறேன். எங்கள் இல்லம் முத்தியால்பேட்டையில் உள்ளது. கொல்லைப்புறத்தில் ஏறக்குறைய 20 அடி ஆழமுள்ள, செங்கல் கட்டிய கிணறு ஒன்று உண்டு. சுற்றிலுமுள்ள கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாயிருக்க, இது மட்டும் இனிக்கும். ஆகையால் தெருவிலுள்ள பெண்டிர் காலையும் மாலையும் குடத்துடன் வருவர். என் பாட்டியாரை எங்கள் வீட்டு வழக்கப்படி யாங்கள் ஆயா என்று அழைப்போம். வருவோர் எவரையும் இன்னார் என்று பாராமல் இறைத்துக் கொள்ளச் சொல்வது அவர்களது வழக்கம். அரசினர் குழாய் வந்த பின்னரும், அதன் நீர் நாவுக்குக் கடுக்கின்றது என்று சொல்லி, குடிப்பதற்கு மட்டும் எங்கள் கிணற்றையே நாடியோர் பலர்.

நீரைச் சோதித்தறிய ஆயாவிடம் சில முறைகள் இருந்தன. பருப்பு விரைவில் வெந்தால் நல்ல நீர். வேகாமல் விறைத்தால் ஆகாத நீர். சவர்க்காரம் நுரைத்தால் நல்ல நீர். திரிந்தால் ஆகாத நீர். மழைக்காலத்தில் கலங்கியிருப்பின் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டால் அழுக்கு அடியில் படிந்து நீர் பளிங்கு போலத் தெளியும். இம்முறைகளை மூடவழக்கம் என்று யான் இகழேன். பருப்பும் சவர்க்காரமும் நீரிற் கரைந்துள்ள சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் நேராகக் காட்டிவிடும். தேத்தாங்கொட்டை மண் துகள்களை ஒன்றுசேர்த்து அமிழ்த்தும். ஆனால் அவை தமக்குரிய கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். அவற்றைக் கேளாத கேள்வி ஒன்று இருந்தது.

நாவினால் அறியத்தக்க கேடுகள் உண்டு. கடல் நீர் ஊடுருவுதல் அவற்றுள் ஒன்று. கடல்நீர் நன்னீரினும் சற்றுக் கனமானது. கரையோர மண்ணில் நன்னீர், கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை உவர்நீரைத் தள்ளி நிறுத்தும் என்பதை ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-ஆம் ஆண்டில் விளக்கினார். மேலேயுள்ள அந்த ஓரடியை இறைத்துத் தீர்ப்போமாயின், கீழே 40 அடியைக் கடலுக்கு விட்டுக் கொடுத்தவர்களாவோம். ஆலைக் கழிவும் பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் கிணறுகள் கெட்டதை மக்கள் கண்ணாலும் நாவாலும் உணர்ந்தே வழக்காடினர். 1996-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்றல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இவ்வாறு வெளிப்பட்டு நிற்கும் பகையைக் காட்டிலும், நட்பைப் போல வந்து உள்ளே நுழையும் பகை கொடியது.

நம் இரசாயன ஆசிரியர், விடுமுறை கழிந்து திரும்புகையில் அவரவர் ஊர் நீரைப் புட்டியில் அடைத்துக் கொணருமாறு வகுப்பினருக்குக் கூறினார். யான் பெருமிதத்துடன் எங்கள் கிணற்று நீரைக் கொணர்ந்தேன். குளோரைடு பார்த்தோம், லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்னும் ஏற்புடைய எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆயாவின் நா பொய் சொல்லவில்லை. அடுத்து நைட்ரேட்டு பார்த்தோம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. எங்கள் நீர் அவ்வெல்லையைக் கடந்து நின்றது. ஆசிரியர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர், “உங்கள் கிணற்றுக்கு அருகே கழிவுக்குழி எத்தனை உள்ளன?” என்று வினவினார். யான் மனத்திற்குள் எண்ணிப் பார்த்தேன். எங்களுடையது ஒன்று, பக்கத்து வீட்டார் இருவருடையவை இரண்டு, பின்வீட்டாருடையது ஒன்று, ஆக நான்கு. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே 50 அடியேனும் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. அந்நான்கனுள் ஒன்றும் அத்துணைத் தொலைவில் இல்லை.

கிணறு வெட்டிய நாளில் அக்குழிகள் இருந்தில. அன்று வீடு ஒன்று, சுற்றிலும் தோட்டம். பின்னர் மனைகள் பிரிந்தன, வீடுகள் நெருங்கின, வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்தது. கழிப்பறை வந்தது நன்மையே. ஆனால் அடியிற் பூசப்படாத குழியிலிருந்து கசியும் நீர் மணலில் இறங்கி, அருகிலுள்ள கிணற்றையே தனக்குப் பள்ளமாகக் கொள்ளும். மணல் அதனை வடிகட்டித் தெளிய வைக்கும், நாற்றத்தையும் நீக்கும். சிறுநீரிலும் மலத்திலும் உள்ள நைட்ரஜன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறி நீரோடு செல்லும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து நிலத்தடி நீர் மேலேறுகையில் குழியின் அடியும் கிணற்றின் நீரும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கும். அப்பொழுது நோய்க்கிருமிகளும் உடன் வரும். மழைக்காலந்தோறும் எங்கள் தெருவிற் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்குக் காண்பது வழக்கம். அதனைக் குளிர்ந்த காற்றின் மேலும் தின்பண்டத்தின் மேலும் ஏற்றிச் சொல்வது பெரியோர் மரபு.

நைட்ரேட்டு மிகுந்த நீர் வளர்ந்தோரை உடனே வருத்துவதில்லை. ஆறு திங்களுக்கு உட்பட்ட பச்சிளங் குழவிகளுக்கோ அது பெருந்தீங்கு செய்யவல்லது. அந்நீரிற் பால்மாவைக் கரைத்துப் புகட்டினால், நைட்ரேட்டு நைட்ரைட்டாகி, இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாயும். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்னும் மருத்துவர் 1945-ஆம் ஆண்டில், வயல்வீட்டுக் கிணறுகளின் நீரால் குழவிகளுக்கு இந்நோய் நேர்ந்ததை வெளியிட்டார். இதில் யாவரும் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் மாளும்; நைட்ரேட்டு மாளாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்று மிகும். குழந்தைக்கென்று நெடுநேரம் காய்ச்சும் தாயின் அக்கறையே இங்கே எதிராக முடியும்.

இதனைக் கேட்டபொழுது என் நெஞ்சு திடுக்கிட்டது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த இளந்தாய் ஒருத்தி, மூன்று திங்கட் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்து வந்தாள். அதற்கு எங்கள் கிணற்று நீரையே காய்ச்சிப் பயன்படுத்துவாள். அவ்வார முடிவிலேயே ஊருக்குச் சென்றேன்.

ஆயாவிடம் செய்தியைச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். “மூணு தலைமுறையா இந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த தெரு தம்பி இது. யாருக்கு என்ன வந்துச்சு?” என்றார்கள். யான் மேலும் விளக்கவே அவர்கள் முகம் மாறியது. “இனிமே தண்ணி மொள்ள வர்றவங்களை வராதேன்னு சொல்லணுமா? இந்த வீட்டு வாசல்ல அந்தச் சொல் வந்ததே இல்லையே” என்று சொல்லி எழுந்து உள்ளே சென்றுவிட்டார்கள்.

அவர்களுடைய வருத்தத்தை யான் எளிதாக எண்ணவில்லை. நம் நாட்டில் கிணறு வெறும் நீர்நிலையன்று. யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம், யார் இறைக்கலாகாது என்று மக்களைப் பிரித்து வைத்த கொடுமைக்கும் அதுவே களமாயிற்று. அக்கொடுமைக்கு இடந்தராமல் யாவருக்கும் கயிற்றை நீட்டிய வீடு இது என்பதே ஆயாவின் வாழ்நாட் பெருமை. இன்று அக்கயிற்றைச் சுருட்டுவோமாயின், தெரு அதனை எவ்வாறு பொருள் கொள்ளும்? “பெரிய படிப்புப் படித்த பேரன் வந்தான், கிணறு மூடிற்று” என்று எவரேனும் கூறின் அதற்கு என்ன மறுமொழி சொல்வது?

வாதத்தினால் இயலாததை ஒரு சிறு சீசா இயற்றியது. மலக்கலப்பை எளிதிற் கண்டறிய, குவாலியரைச் சேர்ந்த இந்திய அறிவியலார் மூவர் 1982-ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டனர். மருந்து தோய்ந்த காகிதத் துண்டு உள்ள சீசாவில் நீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்தல் வேண்டும். குடற்கிருமிகள் கலந்த நீராயின் கறுத்துவிடும். கல்லூரியிலிருந்து அத்தகைய சீசாக்கள் இரண்டு கொண்டு சென்றிருந்தேன். ஒன்றில் எங்கள் கிணற்று நீரையும், மற்றொன்றில் காய்ச்சி ஆற்றிய குழாய் நீரையும் ஊற்றி, ஆயாவின் கையாலேயே மூடச் செய்து அடுக்களை மாடத்தில் வைத்தேன். மறுநாள் மாலை கிணற்று நீர் மை போற் கறுத்திருந்தது. மற்றது ஊற்றியவாறே இருந்தது. ஆயா அதனை வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார்கள். ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு அவர்களுக்கு ஒரு வரலாறு சொன்னேன். 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிராடு தெருவைச் சுற்றி வாந்திபேதி பரவிச் சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஜான் சுனோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்து, அத்தெருவின் அடிகுழாய்க் கிணறே காரணம் என்று தெளிந்தார். அத்தெருவுக்கு வெகு தொலைவில், நோயே பரவாத பகுதியிற் குடியிருந்த கைம்பெண் ஒருத்தியும் அந்நோயால் இறந்திருந்தாள். அவள் முன்னர்ப் பிராடு தெருவில் வாழ்ந்தவள். அக்கிணற்று நீரின் சுவையை மறக்கமாட்டாமல் நாள்தோறும் வண்டியில் ஒரு புட்டி தருவித்துக் குடித்து வந்தாள் என்று அவள் மக்கள் கூறினர். அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர்த் தோண்டிப் பார்த்தபொழுது, ஒரு வீட்டின் கழிவுக்குழி கிணற்றுக்கு மூன்று அடிக்குள்ளேயே சிதைந்து கிடந்தது. ஆயா கேட்டுவிட்டு, “பாவம், நாக்கு ருசி அவளைக் கொண்டு போயிடுச்சு” என்று மட்டும் சொன்னார்கள்.

விடிந்ததும் குடத்துடன் வந்த பெண்டிரை வாயிலில் ஆயாவே எதிர்கொண்டார்கள். வராதீர்கள் என்று சொல்லவில்லை. கறுத்த சீசாவைக் கையிற் கொடுத்து, “இது நம்ம கிணத்துத் தண்ணி. துவைக்கவும் தேய்க்கவும் எப்பவும் போல மொண்டுக்கோங்க. குடிக்கிறதுக்கு வேணாம். நானும் இனிமே குடிக்க மாட்டேன்” என்றார்கள். இறுதியிற் சொன்ன சொல்லே வலிமையுடையதாயிற்று. இளந்தாய் அன்றே அரசினர் சுத்திகரிப்பு நிலையத்து நீரைத் தருவிக்கலானாள், குழந்தை நலமாயுள்ளது. எல்லோரும் இசைந்தனர் என்று சொல்வதற்கில்லை. ஒரு வீட்டார் எங்களை ஐயுற்றுப் பல திங்கள் பேசாதிருந்தனர். மற்றொருவர் இன்றும் அந்நீரையே குடிக்கின்றார். “என் உடம்புக்குப் பழகிவிட்டது” என்பது அவர் விடை.

இக்கேடு எங்கள் தெருவோடு நிற்பதன்று. வங்காளத்தில் குளத்து நீரால் பிள்ளைகள் பேதியில் மாள்வதைத் தடுக்கவே குழாய்க் கிணறுகள் இலட்சக்கணக்கில் இறக்கப்பட்டன. தெளிந்த அந்நீரில் மண்ணினின்று இயற்கையாகவே பாஷாணம் கலந்திருந்தது. மக்கள் தோல் தடித்துப் புள்ளி பரவிப் பின்னர்ப் புற்றுநோய்க்கும் ஆளாயினர். நஞ்சுள்ள குழாய்க்குச் சிவப்பும் இல்லாத குழாய்க்குப் பச்சையும் பூசவேண்டி வந்தது; ஏனெனில் வேறுபாட்டை நாவால் அறிய இயலாது. கிணற்றை விட்டுக் குழாய் நீருக்கு வந்துவிட்டால் கவலை ஒழிந்தது என்றும் எண்ணலாகாது. எங்கள் ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வாந்திபேதி பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஊர்க் கழிவுக்கு ஒழுங்கான வழி செய்யாதவரையில் கிணறும் குழாயும் ஒருங்கே அஞ்சத்தக்கனவே.

ஆகவே நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, ஆண்டுக்கு இருமுறையேனும், மழைக்கு முன்னும் பின்னும், குடிநீரைச் சோதித்தல். இரண்டாவது, தெருவிற் பாதாளச் சாக்கடை வந்திருப்பின் தாமதமின்றி வீட்டை அதனோடு இணைத்தல். இல்லையேல் கழிவுத்தொட்டியை அடியும் பக்கமும் கசியாதவாறு பூசுதல். மூன்றாவது, பயன்படாத கிணற்றைக் குப்பைத்தொட்டி ஆக்காதிருத்தல். அதிற் கொட்டுவது யாவும் அண்டை வீட்டார் குடத்திற்கு நேர்வழி காணும். நான்காவது, கூரையில் விழும் மழையை வடித்து நிலத்திற்குள் இறக்குதல். ஐந்தாவது, ஏரிகளைக் காத்தல். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் உள்ளிட்ட 84 ஏரிகள் உள்ளன. அவை நிறைந்தால் நிலத்தடி நீர் உயர்ந்து கடலைத் தள்ளி நிற்கும். நிலத்தடி நீரை வரையறையின்றி இறைத்தலைத் தடுக்க 2002-ஆம் ஆண்டிலேயே எங்கள் ஊரிற் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் காவலாக நிற்கலாம். காக்கும் மனம் குடிகளிடத்தே இருத்தல் வேண்டும்.

நிலம் எதனையும் அழித்துவிடுவதில்லை, மறைத்து வைக்கின்றது. நாம் அதனுள் விடுவதைச் சில நாள் கழித்தோ பல ஆண்டு கழித்தோ தெளிந்த வடிவில் நமக்கே திருப்பித் தருகின்றது. கல்லூரியிற் பயிலும் நம்முள் பெரும்பாலோர் கிணறுள்ள ஊர்களிலிருந்து வந்தவர்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு புட்டி நீர் கொண்டுவந்து நம் ஆய்வுக்கூடத்திற் சோதித்து, கண்டதை ஊராரிடம் மறைக்காமலும் மனம் நோகாமலும் எடுத்துச் சொல்வாராயின், நாம் பெற்ற கல்வி நம் ஊர்க் குழந்தைகளுக்குக் காவலாகும். தாகத்துடன் வருவோர்க்கு நீர் தருதல் நம் முன்னோர் போற்றிய அறம். தரும் நீர் தீங்கற்றதா என்று தெரிந்து தருதல் அவ்வறத்தை இக்காலத்தில் நிறைவு செய்வதாகும்.